பின் சீட்டுக்கு அடியில் பெட்ரோல் வாடை

கேள்வி: மடிப்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். எங்கள் கார் 2013 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக். 2019-இல் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. மூன்று மாதமாகக் காருக்குள் பெட்ரோல் வாடை அடிக்கிறது. டேங்க் நிரப்பிய இரண்டு மூன்று நாட்கள் அதிகமாக இருக்கும், பிறகு தானாகவே குறைந்துவிடும். தரையில் ஒரு சொட்டுகூட இல்லை. பின் சீட்டில் உட்காரும் என் ஏழு வயது மகள் பள்ளிக்கூடம் போய் இறங்கும்போது தலை வலிக்கிறது என்கிறாள். ஒரு மெக்கானிக் "பழைய வண்டி அப்படித்தான் இருக்கும், பெர்ஃப்யூம் வாங்கி வைங்க" என்றார். இன்னொருவர் டேங்கையே மாற்ற வேண்டும் என்கிறார். எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணம் என்பது என் கணவரின் கட்சி. மிக்ஜாம் புயலின்போது காருக்குள் சீட் மட்டத்துக்குத் தண்ணீர் வந்தது. இந்த ஏப்ரலில் ஸ்டார்ட்டிங் ட்ரபிள் வந்து பெட்ரோல் பம்ப் மோட்டார் மாற்றினோம். யார் சொல்வதைக் கேட்பது?

அன்புள்ள சகோதரிக்கு,

காரணம் என்ன என்று பேசுவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வாடை எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து அடைக்கும் வரை மகளை அந்தக் காரில் ஏற்றாதீர்கள். ஒரு வாரம் ஆட்டோவிலோ வேனிலோ போகட்டும். பெட்ரோலில் பென்சீன் என்ற பொருள் இருக்கிறது. பிஎஸ்-6 என்ற மாசுக் கட்டுப்பாட்டுத் தரப்படி வரும் பெட்ரோலில் அது 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்திருப்பதற்குக் காரணம், அது புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்பதுதான். குழந்தைக்குத் தலைவலி வருகிறது என்றால் அந்த ஆவி அவளுடைய மூச்சில் போகிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். காரில் போகாத நாட்களிலும் தலைவலி நிற்கவில்லை என்றால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். மூன்று மாதமாகப் பெட்ரோல் ஆவியைச் சுவாசித்திருக்கிறாள் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

அடுத்தது, வண்டி நிற்கும் இடம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்கள் பார்க்கிங் கட்டடத்துக்கு அடியில், தூண்களுக்கு நடுவே இருக்கும் போலிருக்கிறது. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. அது மேலே எழும்பிப் போகாது, தரையோடு தரையாகப் படர்ந்து பள்ளத்தில் தேங்கும். நம் ஊர் அடுக்குமாடிகளில் அந்தத் தளத்தில் என்னென்ன இருக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். சம்ப் மோட்டார், அதன் சுவிட்ச், ஈபி மீட்டர் பலகை, வாட்ச்மேன் ஏற்றிவைக்கும் கொசுவத்தி. காற்றில் வெறும் 1.4 சதவீதம் பெட்ரோல் ஆவி கலந்தாலே ஒரு பொறி போதும், பற்றிக்கொள்ளும். பழுது பார்க்கும் வரை காரை வெளியே, காற்றோட்டமான இடத்தில் நிறுத்துங்கள். வெயிலில் பெயின்ட் மங்குமே என்று பார்க்க வேண்டாம்.

"தரையில் சொட்டு இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அதை வைத்து நிம்மதி அடைய முடியாது. சென்னை வெயிலில் சூடான தார் மேலும் சிமென்ட் மேலும் விழும் பெட்ரோல் சில நிமிடங்களில் தடம் தெரியாமல் ஆவியாகிவிடும். உங்கள் வண்டியில் நான் சந்தேகப்படும் இடம் சொட்டவே வாய்ப்பில்லாத இடம். அது டேங்கின் தலைப்பக்கம்.

அந்தப் பெர்ஃப்யூம் யோசனை எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. வண்டி பழசாகிவிட்டால் பெட்ரோல் வாடை வரும் என்பது உண்மையே இல்லை. இருபது வருடம் ஓடிய வண்டியானாலும் பெட்ரோல் போகும் பாதை மூடிய பாதைதான். வாடை வருகிறது என்றால் எங்கோ அது திறந்திருக்கிறது. வாடை என்பது நமக்குக் கிடைக்கும் எச்சரிக்கை. மல்லிகை மணத்தை அதன் மேல் ஏற்றினால் எச்சரிக்கைதான் மறையும், ஆவி அங்கேயேதான் இருக்கும். வைத்திருந்தால் அதை இன்றே எடுத்துவிடுங்கள். வாடையை வைத்துத்தான் இடத்தைப் பிடிக்க வேண்டும்.

முப்பது வருடத்துக்கு மேல் ஷெட்டில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன். பெட்ரோல் வாடையோடு யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது "எங்கே வாடை அடிக்கிறது?" என்பதை அல்ல, "எப்போது அடிக்கிறது?" என்பதைத்தான். ஆவி வண்டி முழுக்கச் சுற்றும், மூக்கு அது வரும் இடத்தைத் தவறாகக் காட்டும். நேரம் அப்படி ஏமாற்றாது. வண்டியை ஓட்டி வந்து நிறுத்திய பத்தாவது நிமிடம் பேனட் பக்கம் அடித்தால் இன்ஜின் சூட்டில் எங்கோ கசிகிறது. இன்ஜின் ஓடும்போதெல்லாம் அடித்தால் பம்ப் அழுத்தம் ஏறியிருக்கும் லைனில் கசிகிறது. டேங்க் நிரம்பியிருக்கும்போது மட்டும் அடித்து, பாதிக்குக் கீழே இறங்கியதும் நின்றுவிட்டால், ஓட்டை டேங்கின் மேல்பாதியில் இருக்கிறது. உங்களுக்கே தெரியாமல் உங்கள் கடிதத்தில் மூன்றாவது வகையைத்தான் துல்லியமாக எழுதியிருக்கிறீர்கள்.

இன்னொன்றையும் எழுதியிருக்கிறீர்கள், அதைக் கடைசியில் தள்ளிவிட்டீர்கள். ஏப்ரலில் பம்ப் மோட்டார் மாற்றினீர்கள். மூன்று மாதமாக வாடை. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

உங்கள் வகை வண்டிகளில் பெட்ரோல் டேங்க் பின் சீட்டுக்கு நேர் கீழே இருக்கும். பம்ப் மோட்டார் டேங்குக்கு உள்ளேயே பெட்ரோலில் முங்கி நிற்கும். அதை மாற்ற வேண்டுமானால் டேங்கின் மேலே இருக்கும் வட்டமான வாயைத் திறக்க வேண்டும். அந்த வாயில் பம்பின் தட்டு உட்காரும். இரண்டுக்கும் நடுவே ஒரு ரப்பர் வளையம் இருக்கும், ஓ ரிங் என்போம். மேலே ஒரு லாக் ரிங்கோ, சில வண்டிகளில் போல்ட்டுகளோ அதை அழுத்திப் பிடிக்கும்.

வருடக்கணக்காகப் பெட்ரோல் ஆவியில் ஊறிய ரப்பர் உப்பிவிடும். இருந்த இடத்தில் இருக்கும் வரை அதனால் பெரிய தொந்தரவு இல்லை. ஒரு தடவை கழற்றினால் மறுபடி அதே பள்ளத்துக்குள் அடங்காது, வளையம் பெரிதாகிவிட்டிருக்கும். அவசரத்தில் அமுக்கி வைத்தால் ஓரிடத்தில் மடிந்து கடிபடும். அதனால்தான் பம்பைத் திறந்தால் ஓ ரிங்கைக் கண்டிப்பாகப் புதிதாகப் போட வேண்டும். பல ஆயிரம் ரூபாய் கொடுத்துப் பம்ப் வாங்கிவிட்டு, இந்தச் சின்ன வளையத்தை வாங்காமல் பழையதையே வைத்து மூடிய வண்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வேலை முடிந்ததும் வண்டி ஸ்டார்ட் ஆகும், நன்றாக ஓடும். டேங்க் பாதியாக இருந்தால் அன்றைக்கு வாடையும் தெரியாது. வாடிக்கையாளர் சந்தோஷமாகப் போவார். அடுத்த சனிக்கிழமை டேங்க் நிரப்பிய பிறகுதான் தெரியும்.

நிரம்பிய டேங்கில் பெட்ரோல் அந்த வாய்க்குப் பக்கத்திலேயே நிற்கிறது. ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கும்போதும், பாலத்தில் ஏறும்போதும், பிரேக் போடும்போதும் அது அலை அடித்து ஓ ரிங்கைத் தொடும். மடிந்த இடத்தில் கொஞ்சம் வெளியே வரும். அது கீழே சொட்டாது, டேங்கின் தலையிலேயே தேங்கி ஆவியாகும். அந்த ஆவிக்கு மேலே இருப்பது உங்கள் மகள் உட்காரும் சீட்.

இடையில் ஒரு தகடு இருக்கிறதே என்று கேட்கலாம். சீட்டைத் தூக்கினால் கார்பெட்டுக்கு அடியில் ஒரு மூடித் தகடு இருக்கும், பம்பைக் கழற்றுவதற்காக வைத்த வழி. அதன் ஓரத்தில் ரப்பரோ கறுப்புப் பசையோ இருக்கும். டேங்க் பக்கத்து ஆவி, தூசி, தண்ணீர் எதுவும் உள்ளே வராமல் தடுப்பதுதான் அதன் வேலை. பம்ப் மாற்றும்போது அந்தப் பசையைப் பிய்த்து எறிந்துவிட்டு, தகட்டை வெறுமனே இரண்டு ஸ்க்ரூவில் முடுக்கிவிடுவார்கள். அப்படியானால் உங்கள் வண்டியில் இரண்டு தவறு சேர்ந்திருக்கிறது. ஓ ரிங்கில் கசிவு, தகட்டில் இடைவெளி. ஒன்று மட்டும் இருந்திருந்தால் இத்தனை வாடை உள்ளே வந்திருக்காது என்பது என் கணிப்பு.

நீங்களே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். பகல் நேரத்தில், திறந்த வெளியில், இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, நான்கு கதவையும் பத்து நிமிடம் திறந்து வையுங்கள். பின் சீட்டின் உட்காரும் பகுதியை முன்பக்கமாகப் பிடித்து மேலே இழுத்தால் பல வண்டிகளில் இரண்டு கிளிப் விட்டுக்கொடுத்துச் சீட் கையோடு வந்துவிடும். கார்பெட்டை விலக்குங்கள். தகடு தெரிகிறதா? அதைக் கழற்ற வேண்டாம். அங்கே இருக்கும் வயர் கப்ளரையும் பிடுங்க வேண்டாம், அதில் பொறி வரலாம். வெறுமனே குனிந்து முகர்ந்தால் போதும். அதையும் நீங்கள் செய்வதைவிட, வீட்டிலிருந்து அப்போதுதான் இறங்கி வந்த வேறொருவரைச் செய்யச் சொல்லுங்கள். பெட்ரோல் வாடைக்கு மூக்கு சில நிமிடங்களில் பழகிவிடும். அங்கேயே நின்றவருக்குத் தெரியாத வாடை புதிதாக வந்தவருக்குப் பளிச்சென்று தெரியும். தகட்டு ஓரத்தில் வாடை முகத்தில் அறைந்தால், தூசி ஈரமாக அப்பியிருந்தால், இடம் கிடைத்துவிட்டது. சில வண்டிகளில் இந்தத் தகடே இருக்காது, டேங்கைக் கீழே இறக்கித்தான் பார்க்க வேண்டியிருக்கும். அப்படியானால் நீங்கள் எதையும் தொட வேண்டாம்.

ஈரம் மட்டுமல்ல, பெட்ரோலே கண்ணில் பட்டால் வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். மெக்கானிக்கை வீட்டுக்கு அழையுங்கள், இல்லையென்றால் டோயிங் வண்டியில் அனுப்புங்கள். வாடை மட்டும்தான் என்றால் பெரியவர் ஒருவர், கண்ணாடிகளை எல்லாம் இறக்கிவிட்டு, பக்கத்தில் இருக்கும் ஷெட் வரை ஓட்டிப் போகலாம்.

மெக்கானிக்கிடம் என்ன கேட்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். "வாடை அடிக்கிறது, பாருங்கள்" என்று விட்டுவிட்டு வராதீர்கள். "ஏப்ரலில் பம்ப் மாற்றினோம், டேங்க் நிரம்பினால்தான் வாடை, பம்ப் தட்டின் ஓ ரிங்கைப் பாருங்கள்" என்று சொல்லுங்கள். உங்கள் வண்டியின் சேசிஸ் நம்பரைக் கொடுத்து ஓ ரிங்கைக் கம்பெனி பார்ட்டாகவே வாங்கச் சொல்லுங்கள். ஜி.பி. ரோட்டில் கிடைக்காத உதிரி பாகம் குறைவு. ஆனால் இந்த வளையத்தை மட்டும் கண்ணளவு பார்த்து வாங்குவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. ஒரு மில்லிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் மறுபடி இதே கதைதான். லாக் ரிங்கின் பல் உடைந்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும். ஸ்க்ரூ டிரைவரை வைத்துச் சுத்தியலால் தட்டித் திருகினால் பல் உடையும், இரும்போடு இரும்பு மோதினால் பொறியும் வரும். அதற்கென்று இருக்கும் டூலில்தான் கழற்ற வேண்டும். அந்த இடத்தில் சிலிகான் பேஸ்ட் பூசி அடைக்க விடாதீர்கள். சாதாரண சிலிகான் பேஸ்ட் பெட்ரோலில் ஊறிப் பிய்ந்து வந்துவிடும், அந்தத் துணுக்கு பம்பின் வடிகட்டியில் போய் உட்காரும்.

மிக்ஜாம் வெள்ளத்தைக் குறிப்பிட்டது நல்லதாகப் போயிற்று. 2023 டிசம்பரில் சீட் மட்டத்துக்குத் தண்ணீர் நின்றது என்றால் டேங்கின் தலை அதற்கு முன்பே முங்கியிருக்கும். வெள்ளம் வடிந்தாலும் அது கொண்டுவந்த வண்டல் டேங்கின் மேலே, பம்ப் தட்டைச் சுற்றியிருக்கும் பள்ளத்தில் அப்படியே தங்கிவிடும். காருக்குள் கார்பெட்டைக் கழற்றி உலர்த்துவோம், சீட்டுக்கு ஷாம்பு போடுவோம். டேங்கின் தலையைத் துடைக்க யாருக்கும் தோன்றாது. அந்த மண் ஈரத்தை வருடக்கணக்கில் பிடித்து வைத்திருக்கும். உங்கள் டேங்க் பிளாஸ்டிக் என்றால் கவலையில்லை. இரும்பு டேங்க் என்றால் ஓ ரிங் உட்காரும் விளிம்பில் துரு பிடித்துக் குழி விழுந்திருக்கலாம். குழி மேல் எத்தனை புது ஓ ரிங் போட்டாலும் பிடிக்காது. ஆகவே பம்பைத் தூக்குவதற்கு முன் சுற்றியிருக்கும் மண்ணைச் சுத்தமாக எடுத்துவிட்டு, திறந்த பிறகு அந்த விளிம்பை விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். மண்ணை எடுக்காமல் திறந்தால் அது டேங்குக்குள்ளேயே விழும், புதுப் பம்ப் ஒரே மாதத்தில் அடைத்துக்கொள்ளும். விளிம்பு வழவழப்பாக இருந்தால் ஓ ரிங் மட்டும் போதும். குழி விழுந்து அரித்திருந்தால் மட்டுமே, டேங்கை மாற்றச் சொன்ன அந்த இரண்டாமவர் சரி. திறந்து பார்க்காமல் அவர் அதைச் சொல்லியிருந்தால் ஒத்துக்கொள்ள வேண்டாம்.

டேங்கில் ஓட்டை இருக்கிறது, வெல்டு வைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தைவிட்டு வந்துவிடுங்கள். நான் தொழில் கற்றுக்கொண்ட நாட்களில் என்னோடு இருந்த பையன் ஒருவன், பெட்ரோலை வடித்துக் காலி செய்த டேங்க்தானே என்று பக்கத்தில் கை விளக்கோடு உட்கார்ந்திருந்தான். அப்போதெல்லாம் கூண்டு போட்ட குண்டு பல்புதான். விளக்கு கீழே விழுந்து பல்பு உடைந்தது. டேங்க் நிறையப் பெட்ரோல் இருப்பதைவிடக் காலி டேங்க் ஆபத்து என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். நிறைந்த டேங்கில் காற்றுக்கு இடமில்லை, காலி டேங்கில் ஆவியும் காற்றும் பற்றிக்கொள்ளும் அளவில் கலந்து நிற்கும். அவன் பிழைத்துக்கொண்டான், ஆனால் இரண்டு கையிலும் அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது. அதற்குப் பிறகு என் ஷெட்டில் பெட்ரோல் வேலை என்றால் முதலில் பேட்டரியின் நெகட்டிவ் வயர் கழலும், எல்இடி டார்ச் மட்டும்தான் பக்கத்தில் வரும், பவுடர் தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். நீங்கள் போகும் ஷெட்டில் இந்த மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

ஓ ரிங் சரியாக இருக்கிறது, தகட்டுப் பக்கம் வாடையே இல்லை என்று ஆனால்? டேங்க் நிரப்பியதும் வாடை வருவதற்கு இன்னும் இரண்டு மூன்று இடங்கள் உண்டு. டேங்க் மூடியின் உள் ரப்பரைப் பாருங்கள், வெடித்திருந்தால் மூடியை மாற்றிவிடலாம், பெரிய செலவில்லை. மூடியிலிருந்து டேங்குக்கு இறங்கும் குழாயைப் பின் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு தடித்த ரப்பர் ஹோஸ் இணைக்கும். சக்கரம் வாரி அடிக்கும் சேறு முழுவதும் அதன் மேல்தான். அங்கே வெடித்திருந்தால் பங்கில் பெட்ரோல் போட்ட உடனே அந்தச் சக்கரத்தின் பக்கம் வாடை அடிக்கும்.

அடுத்தது கேனிஸ்டர். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைக் கெடுப்பது நாமேதான். டேங்கில் எழும் ஆவி வெளியே போகாமல் கரித்தூள் நிரப்பிய ஒரு டப்பாவில் போய்த் தங்கும். இன்ஜின் ஓடும்போது பர்ஜ் வால்வ் என்ற சின்ன அடைப்பான் திறந்து அந்த ஆவியை இன்ஜின் உறிஞ்சி எரித்துவிடும். அந்தக் கரித்தூள் ஆவியைத் தாங்கும், பெட்ரோலைத் தாங்காது. பங்கில் என்ன நடக்கிறது? டேங்க் நிரம்பியதும் நாஸில் டக்கென்று தானாக நிற்கும். மீட்டரில் 1,963 ரூபாய் காட்டும். "ரவுண்டா ரெண்டாயிரம் பண்ணிடவா?" என்று கேட்பார், நாமும் தலையாட்டுவோம். அந்த முப்பத்தேழு ரூபாய்க்கான பெட்ரோல், டேங்க் ஆவிக்காக விட்டு வைத்த இடத்தில் நிரம்பி, ஆவிக் குழாய் வழியாகக் கேனிஸ்டருக்குப் போகிறது. பல மாதம் இப்படிச் செய்தால் கரி ஊறிப் போகும். பிறகு ஒவ்வொரு தடவை டேங்க் நிரப்பும்போதும் வாடை வரும், பங்கிலிருந்து கிளம்பும்போது ஸ்டார்ட் ஆகத் திணறும். உங்கள் வண்டியில் ஓ ரிங்தான் என்று நான் நினைத்தாலும், இனிமேல் முதல் டக் சத்தத்தோடு நிறுத்தச் சொல்லுங்கள். சில்லறைக்காக வேண்டாம். இப்போதெல்லாம் ஜிபேயில் 1,963 என்று அடித்தே கொடுக்கலாம்.

உங்கள் வீட்டுக்காரர் எத்தனாலைச் சொல்வதில் ஒரு பங்கு உண்மை இருக்கிறது. எத்தனால் சில வகை ரப்பரை உப்ப வைக்கும், கெட்டியாக்கி வெடிக்கவும் வைக்கும். 20 சதவீத எத்தனாலைத் தாங்கும் பொருட்களை வைத்து வண்டிகள் வரத் தொடங்கியது 2023 ஏப்ரலில் இருந்துதான். நாடு முழுக்கக் கலப்பு 20 சதவீதத்தைத் தொட்டது 2025-இல். உங்கள் 2013 வண்டியின் ஹோஸ்களை அதற்காகச் செய்யவில்லை. ஆகவே டேங்கைத் திறக்கும் அதே நாளில் பெட்ரோல் போகும் ரப்பர் ஹோஸ்கள் எல்லாவற்றையும் வளைத்துப் பார்த்து, வெடிப்பு இருப்பவற்றை மாற்றச் சொல்லுங்கள். ஆனால் எத்தனால் மட்டும்தான் காரணம் என்றால், டேங்க் பாதியானதும் வாடை நிற்பதற்கு விளக்கமே கிடைக்காது. பெட்ரோலில் எத்தனால் எல்லா நாளும்தான் இருக்கிறது.

ஹோஸ் மாற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் வண்டியின் லைனில் சுமார் 3 பார் அழுத்தம் இருக்கும், கார்புரேட்டர் வண்டிக்குப் போடும் சாதா ஹோஸ் அதற்குத் தாங்காது. இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு உரிய ஹோஸ் என்று கேட்டு வாங்க வேண்டும். அதை இறுக்கும் கிளிப்பும் பட்டையாக, ரப்பரை அறுக்காததாக இருக்க வேண்டும். மழைக் காலத்தில் எலி கடித்த ஹோஸ்களையும் நான் நிறைய மாற்றியிருக்கிறேன். தரைத்தள பார்க்கிங், பக்கத்தில் குப்பைத் தொட்டி என்றால் எலிக்கு இன்ஜின் சூடு நல்ல இருப்பிடம். கடித்த இடத்தில் எம்-சீல் வைத்து டேப் சுற்றி ஓட்டுவதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன்.

முன்பக்கத்து இன்ஜின் கோளாறுகள் உங்கள் கதைக்குப் பொருந்தவில்லை, ஆனாலும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இன்ஜினுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் மேல் ஓ ரிங் கசிந்தால் பேனட்டைத் திறந்ததும் வாடை அடிக்கும். ஏசி வெளிக்காற்று எடுக்கும் நிலையில் இருந்தால் அது காருக்குள்ளும் வரும், உள்காற்றையே சுற்றவிடும் ரீசர்க்குலேஷனுக்கு மாற்றினால் குறையும். உங்களுக்கு ரீசர்க்குலேஷனில் வாடை இன்னும் கூடுகிறது என்றால் அது உள்ளே இருந்தே வருகிறது என்பதற்கு இன்னொரு சாட்சி. ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப் ஸ்டிக்கில் இன்ஜின் ஆயில் பெட்ரோல் வாடை அடித்தால், சைலன்சரில் கறுப்புப் புகை வந்தால், அது வேறு நோய். அதற்கு ஸ்கேனர் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

வேலை முடிந்ததும் வண்டியை வாங்கிக்கொண்டு அப்படியே வந்துவிடாதீர்கள். இன்ஜினை ஓடவிட்டு, பம்ப் தட்டின் மேலே பைப் சொருகும் இடத்தில் ஈரம் இல்லை என்பதைத் தகடு மூடும் முன் நீங்கள் ஒரு தடவை எட்டிப் பாருங்கள். பிறகு புதுப் பசையோடு தகட்டை மூட வேண்டும். கழற்றிய பழைய ஓ ரிங்கைக் கையில் வாங்கிப் பாருங்கள். மடிந்த தடமோ கடிபட்ட தடமோ அதில் இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். சீட் பஞ்சும் கார்பெட்டும் மூன்று மாத ஆவியை உறிஞ்சியிருக்கும், அதனால் உடனே வாடை போகாது. சீட்டையும் கார்பெட்டையும் கழற்றி இரண்டு மூன்று நாள் மொட்டை மாடி வெயிலில் காயவைத்த பிறகு மாட்டுங்கள். இல்லையென்றால் பழைய வாடை எது, புது வாடை எது என்று தெரியாமல் குழம்புவீர்கள்.

அதன் பிறகு பங்குக்குப் போய் முதல் டக் வரை டேங்கை நிரப்புங்கள். வேளச்சேரி பாலம் ஏறி இறங்கி, நாலு ஸ்பீட் பிரேக்கர் தாண்டி வந்து, கண்ணாடிகளை ஏற்றி, இரவு முழுக்கத் திறந்த வெளியிலேயே நிறுத்துங்கள். காலையில் காபி குடிக்கும் முன் போய்க் கதவைத் திறந்து முகர்ந்து பாருங்கள். மூன்று காலை தொடர்ந்து வாடை இல்லை என்றால் மகளை ஏற்றிக்கொண்டு பள்ளிக்குப் போங்கள். ஒரு காலை இலேசாக வந்தாலும் அந்த மெக்கானிக்கிடமே திரும்பிப் போய்த் தகட்டைத் திறக்கச் சொல்லுங்கள், எனக்கும் எழுதுங்கள்.